பொத்தானுக்கு மைலேஜ் தெரியாது

கார் வாங்கப் போகிறவரிடம் ஷோரூமில் சொல்கிறார்கள். யூடியூபில் வண்டி விமர்சனம் செய்கிறவர்கள் சொல்கிறார்கள். போன மாதம்தான் கார் எடுத்த மச்சான், குடும்ப வாட்ஸப் குழுவில் குரல் பதிவாகவே அனுப்புகிறார்: "ஹைவேஸ் ஏறினதும் குரூஸ் போட்டு விட்ருங்க. நூறுல வச்சா மைலேஜ் தானா வரும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காலுக்கும் ஓய்வு, பர்ஸுக்கும் ஓய்வு. காலுக்கு ஓய்வு என்பது உண்மை. முழங்கால் வலிக்காரர்களுக்கு குரூஸ் கண்ட்ரோலை நானே சிபாரிசு செய்வேன். பர்ஸுக்கு ஓய்வு என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நெடுஞ்சாலையில் பெட்ரோலைத் தின்பவை இரண்டு: வேகமும் பிரேக்கும். குரூஸ் கண்ட்ரோல் இந்த இரண்டில் எதையும் முடிவு செய்வதில்லை. எந்த வேகம் என்று முடிவு செய்வது வண்டியோட்டி. எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்வது சாலையும், அதை எவ்வளவு தூரத்திலிருந்தே பார்க்கிறார் என்பதும். சொன்ன வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே அந்தப் பொத்தானின் வேலை. நூறு என்றால் நூறு, நூற்றிருபது என்றால் நூற்றிருபது. செலவைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் கிடையாது.

இந்தக் கருவி பிறந்ததே சிக்கனத்துக்காக அல்ல. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர் என்ற பொறியாளர் இதைக் கண்டுபிடித்தார். ஐந்து வயதில் விபத்தொன்றில் பார்வையை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் காரோட்டும்போது பேச ஆரம்பித்தால் வேகத்தைக் குறைப்பாராம், காது கொடுத்துக் கேட்கும்போது கூட்டுவாராம். பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் குலுக்கலை அனுபவித்த டீட்டருக்கு, வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தும் கருவி ஒன்று வேண்டும் என்று தோன்றியதாகச் சொல்வார்கள். 1950-இல் காப்புரிமை கிடைத்தது. 1958-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் அது வந்தது. சொகுசு வண்டிகளுக்கான சொகுசுக் கருவியாகத்தான் விற்றார்கள்.

சிக்கனம் என்ற பெயர் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்க பங்க்குகளில் வரிசை நீண்டது. 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்ற நிலையைக் கொண்டுவந்தது. நம் கணக்கில் 88 கிலோமீட்டர். அகலமான, காலியான சாலையில் 88-ஐத் தாண்டாமல் காலைக் கட்டுப்படுத்துவது அமெரிக்கர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த நேரத்தில் குரூஸ் கண்ட்ரோல் கைகொடுத்தது. அன்றைக்கு எண்ணெயை மிச்சம் பிடித்தது 88 என்ற எண். பொத்தான் அந்த எண்ணுக்குக் காவல் நின்றது, அவ்வளவுதான். ஐம்பது வருடத்தில் எண் மறந்துபோய், காவல்காரனுக்குப் பாராட்டு போய்ச் சேர்ந்துவிட்டது.

எண் ஏன் அவ்வளவு முக்கியம்? ஓடும் வண்டியை இரண்டு விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று டயர் சாலையில் உருளும்போது வரும் தடை. இது வேகத்தோடு பெரிதாக மாறாது. மற்றது காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏறும். 80-இலிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் தடையோ பாதிக்கு மேல், 56 சதவீதம் கூடிவிடுகிறது. 80-இலிருந்து 120 என்றால் இரண்டே கால் மடங்கு. 1,200 கிலோ எடையுள்ள நடுத்தரக் கார் ஒன்றுக்கு உத்தேசக் கணக்குப் போட்டால், உருளும் தடை, காற்றின் தடை இரண்டும் சேர்ந்து 80-இல் சுமார் 330 நியூட்டன், 100-இல் 440, 120-இல் 570-க்கு மேல் வரும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இன்ஜின் செய்ய வேண்டிய வேலை ஒவ்வொரு இருபதுக்கும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது.

சென்னையிலிருந்து திருச்சிக்கு உத்தேசமாக 320 கிலோமீட்டர். நூறிலேயே போக முடிந்தால் 3 மணி 12 நிமிடம். தொண்ணூறில் 3 மணி 33 நிமிடம். வித்தியாசம் 21 நிமிடம். விக்கிரவாண்டி பக்கம் ஒரு காபிக்கு நிறுத்தினால் போய்விடும் நேரம் அது. அந்த 21 நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் இன்ஜின் செய்ய வேண்டிய வேலை 13 சதவீதம் குறைகிறது. நூறில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு மொத்தம் 20 லிட்டர் ஆகும். சுமை குறைந்தால் இன்ஜினின் திறனும் கொஞ்சம் இறங்கும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் 2 லிட்டர் கையில் நிற்கும். எந்த மாயக் கருவியும் வேண்டாம், பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்தால் போதும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். குரூஸ் போட்டு ஓட்டினால் மிச்சம் ஏற்படுகிறது என்று சோதித்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் சிக்கன வழிகாட்டியிலும் நெடுஞ்சாலையில் குரூஸ் போடும்படி அறிவுரை இருக்கிறது. ஆனால் "பெரும்பாலான நேரங்களில்" என்ற சொல்லோடுதான் இருக்கிறது. அதே வழிகாட்டி, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் மைலேஜ் வேகமாக விழும் என்கிறது. முரட்டுத்தனமாக ஓட்டினால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம் வரை நஷ்டம் என்றும் சொல்கிறது. நம் ஆட்கள் முதல் அறிவுரையை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்கள்.

சோதனைகளில் குரூஸ் எதோடு போட்டி போடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏறி இறங்கும், அலைபாயும் காலோடு. வேகம் ஏறி இறங்குவதால்தான் பெட்ரோல் போகிறது, ஆகவே ஒரே வேகம்தான் மருந்து என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாதித் தூரத்தை 90-இலும் பாதித் தூரத்தை 110-இலும் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். முழுக்க நூறிலேயே ஓட்டுவதோடு ஒப்பிட்டால் காற்றின் தடை சராசரியில் எவ்வளவு கூடும்? ஒரே ஒரு சதவீதம். பிரேக்கைத் தொடாத வரைக்கும், ஏற்ற இறக்கத்தின் விலை அவ்வளவுதான். இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. நூறில் போவதாக நினைத்துக்கொண்டிருக்கும் கால், பாட்டு நன்றாக இருந்தால், சாலை காலியாக இருந்தால், தன்னையறியாமல் அழுந்தி சராசரியை 107-க்குக் கொண்டுபோய்விடுகிறது. அப்போது காற்றின் தடை மட்டும் 14 சதவீதம் ஏறுகிறது. குரூஸ் கண்ட்ரோல் தடுப்பது இந்த நழுவலைத்தான். நழுவும் கால் உள்ளவருக்கு அது உதவும், மறுக்கவில்லை. அந்த உதவி 85-இல் வைத்தால்தான் உதவி. 110-இல் வைத்துவிட்டு மைலேஜ் எதிர்பார்ப்பவருக்கு எந்தச் சோதனையும் சாட்சி சொல்லாது.

இதெல்லாம் தட்டையான, காலியான சாலைக்கு. மேடு வந்தால் கதை இன்னும் மோசம். கிருஷ்ணகிரியைத் தாண்டி, கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரை நோக்கி ஏறும் சாலையில் குரூஸ் போட்டுப் பாருங்கள். மேட்டில் வேகம் ஒன்றிரண்டு குறைந்ததும் கருவிக்குப் பொறுக்காது. திராட்டிலைத் திறக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் கியரையும் இறக்கி இன்ஜினைக் கத்தவிடும். மேடு முடியப்போகிறது, அந்தப் பக்கம் இறக்கம்தான் என்பது அதற்குத் தெரியாது. உச்சிவரை முழு வேகத்தில் ஏற்றிவிட்டு, இறக்கத்தில் வேகம் கூடுகிறதென்று இழுத்துப் பிடிக்கும். முன்னே போகும் வண்டியைப் பார்த்து ஓடும் புதுவகை குரூஸ் என்றால் பிரேக்கே போட்டுவிடும். பழகிய டிரைவர் இப்படிச் செய்யமாட்டார். மேட்டுக்கு முன்னால் கொஞ்சம் வேகம் சேர்த்துக்கொள்வார், மேட்டில் அது கரையட்டும் என்று விடுவார், உச்சியைத் தாண்டியதும் காலை எடுத்து உருட்டிக்கொண்டு போவார்.

இதை ஐரோப்பிய லாரிக் கம்பெனிகள் நன்றாகவே புரிந்துகொண்டன. 2010-களின் தொடக்கத்தில் ஸ்கானியா, வோல்வோ, மெர்சிடிஸ் மூன்றும் சாலையின் மேடுபள்ளங்களை முன்கூட்டியே அறிந்து அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோலைக் கொண்டுவந்தன. செயற்கைக்கோள் இருப்பிடத் தகவலை வைத்து, மேட்டுக்கு முன் வேகத்தை ஏற்றி, உச்சி நெருங்கும்போது தளர்த்திவிடும். ஒரே வேகம்தான் சிக்கனம் என்றால் இந்த வேலை எதற்கு? பழைய பொத்தானே போதுமே. ஒரே வேகத்தைக் கட்டிப்பிடிப்பது மலைச்சாலையில் டீசலை வீணாக்குகிறது என்று கண்டதால்தான், மனிதக் கால் செய்வதைக் கருவிக்குச் சொல்லிக்கொடுக்க அவர்கள் பணத்தைக் கொட்டினார்கள். நம் ஊரில் விற்கும் சாதாரணக் கார்களின் குரூஸுக்கு அந்தப் பாடம் இன்னும் வந்து சேரவில்லை.

நம் நான்கு வழிச்சாலையோ மேடுபள்ளத்தைவிடப் பெரிய சோதனை. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று டோல்கேட்டுகள். நடுவே ஊர் வரும் இடமெல்லாம் போலீஸ் வைத்த பேரிகார்டு. மீடியன் திறப்பில் குறுக்கே வரும் பைக், எதிர்த்திசையில் வரும் டிராக்டர், உளுந்தூர்பேட்டைப் பக்கம் கரும்பு ஏற்றி வலது தடத்திலேயே ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டி. குரூஸ் போட்டவர் இதையெல்லாம் எப்படிச் சந்திக்கிறார்? கால் ஓய்வில் இருக்கிறது, வண்டி 90-இலேயே போய்க்கொண்டிருக்கிறது. பேரிகார்டுக்கு அருகில் போனபிறகு பிரேக்கை மிதிக்கிறார். தாண்டியதும் பொத்தானை அழுத்த, வண்டி மறுபடி 90-க்கு ஓடுகிறது. காலால் ஓட்டுகிறவர் அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே காலைத் தூக்கிவிட்டு, பேரிகார்டு வரும்போது வேகம் தானே இறங்கியிருக்கும்படி பார்த்துக்கொள்வார்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பணமாகவே பார்க்கலாம். அதே 1,200 கிலோ காரை 90-இலிருந்து 60-க்குப் பிரேக் போட்டு இறக்கினால், சுமார் 2 லட்சம் ஜூல் ஆற்றல் பிரேக் டிஸ்க்கில் சூடாகிப் போகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் 320 லட்சம் ஜூல் இருந்தாலும் சக்கரத்துக்கு வந்து சேர்வது கால் பங்குதான். ஆக அந்த ஒரு பிரேக்கின் விலை சுமார் 25 மில்லி பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் இரண்டரை ரூபாய். திருச்சி போய்ச் சேருவதற்குள் இப்படி எத்தனை பிரேக் என்று எண்ணிக்கொண்டே போனால், பயணமே கசந்துவிடும்.

இதே குடும்பத்தில் இன்னொரு நம்பிக்கை உண்டு. ஆக்சிலேட்டரை எவ்வளவு மெதுவாக மிதிக்கிறோமோ அவ்வளவு மிச்சம் என்பது. பாதத்துக்கடியில் முட்டை இருப்பதாக நினைத்துக்கொள் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்ததை இன்றும் வேதமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சிக்னலில் பச்சை விழுந்ததும் இவர்கள் இரண்டாவது கியரிலேயே நகர்ந்துகொண்டிருப்பார்கள், பின்னால் ஹாரன் கிழியும்.

பெட்ரோல் இன்ஜினின் வேலைமுறை இதற்கு எதிரானது. மிதியை லேசாக அழுத்தும்போது, காற்றுப் பாதையிலுள்ள வால்வு பாதிக்குமேல் மூடியே இருக்கிறது. நசுங்கிப்போன உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பதுபோல இன்ஜின் மூச்சைக் கட்டி இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்புக்கே ஒரு பங்கு பெட்ரோல் போகிறது. வால்வு நன்றாகத் திறந்து, சுற்று வேகம் குறைவாக இருக்கும்போதுதான் ஒரு துளி பெட்ரோலில் அதிகமான வேலை கிடைக்கிறது. ஆகவே தயங்காமல் மிதித்து, 2,000, 2,500 சுற்றுக்குள் கியரை மாற்றி மாற்றி, சீக்கிரம் மேல் கியருக்குப் போய்ச் சேர்வதே நல்ல வழி. தரையோடு மிதிக்கச் சொல்லவில்லை. முழுக்க மிதித்தால் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் கொடுக்கும்படி பல இன்ஜின்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. டீசலுக்கு இந்த மூச்சுத்திணறல் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கீழ் கியரில் அதிகச் சுற்றில் ஓட்டும் நஷ்டம் அதற்கும் உண்டு.

முட்டைக் கட்சிக்காரர்கள் கவனிக்கத் தவறுவது வேறொன்று. வேகம் ஏற்றச் செலவழித்த ஆற்றல் எங்கும் போய்விடுவதில்லை, வண்டியின் ஓட்டமாக அப்படியே இருக்கிறது. அது தொலைவது பிரேக்கில். அண்ணா சாலையில் மெதுவாக மிதித்து அறுபதுக்கு ஏறி, அடுத்த சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் காலை எடுக்காமல் போய்க் கடைசியில் பிரேக் போடும் மென்மையானவரும், விறுவிறுவென்று ஏறி அதே இடத்தில் பிரேக் போடும் முரடரும், அந்தப் பிரேக்கில் ஒரே அளவைத்தான் இழக்கிறார்கள். முன்னவருக்குப் புண்ணியம் ஒன்றும் சேர்ந்துவிடவில்லை.

மூன்றாவது நம்பிக்கையைச் சிரித்துவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் அதற்கு ஆட்கள் பலியாகிறார்கள். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு இறக்குவது. கார்ப்பரேட்டர் காலத்தில் இதற்கு ஓரளவு அர்த்தம் இருந்தது. கியரில் இருந்தாலும் கார்ப்பரேட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டேதான் இருக்கும். இன்று ஓடும் கார்களில் பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது கணினி. கியரில் வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தால், சுற்று வேகம் ஐடிலிங் அளவுக்குப் பக்கத்தில் இறங்கும்வரை அது பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரல் போட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்க மணிக்கு அரை லிட்டருக்கு மேல் கொடுத்தாக வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து எரித்துக்கொண்டு இறங்குகிறார்கள். மிகச் சாய்வு குறைந்த இறக்கத்தில் நியூட்ரலில் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் உருளும், கணக்கில் அது சில துளி லாபம் காட்டும், உண்மைதான். அந்தச் சில துளிக்காக மலையில் இன்ஜின் பிரேக்கைக் கைவிடுகிறவரை என்னவென்று சொல்வது?

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயை எல்லோருக்கும் தெரியும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்ட லாரி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் முன்னே போன வண்டிகளை நொறுக்கிய செய்திகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று அங்கே எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கீழ் கியரில்தான் இறங்க வேண்டும் என்று அங்கே சொல்வது உயிருக்காக. அதே கீழ் கியர்தான் அந்த இறக்கம் முழுக்க பெட்ரோலையும் நிறுத்திவைக்கிறது. பாதுகாப்பும் சிக்கனமும் ஒரே கியரில் கிடைக்கும்போது இரண்டையும் விட்டு ஓடுகிறோம்.

குரூஸ், முட்டை, நியூட்ரல் மூன்றையும் சேர்த்து ஏன் பேசுகிறேன் என்றால், மூன்றும் ஒரே ஆசையிலிருந்து வருகின்றன. வேகத்தைக் குறைக்கக் கூடாது, முன்னால் பார்த்து ஓட்டும் சிரமமும் கூடாது, ஆனால் பெட்ரோல் மிச்சமாக வேண்டும். மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிவருகிறது. நான்கு வழிச்சாலையில் 50-இல் போகச் சொன்னால் பின்னால் வருகிறவன் தூக்கிப் போட்டுவிடுவான் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த அறிவுரை எதைப் பற்றியது என்று பாருங்கள். வேகத்தைப் பற்றியது.

அரசுப் பேருந்து டிப்போவுக்குப் போய்க் கேளுங்கள். ஒவ்வொரு டிரைவரும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் எடுக்கிறார் என்று அங்கே கணக்கு ஓடுகிறது. கே.எம்.பி.எல். என்ற நான்கு எழுத்தைக் கேட்டாலே முகம் சுருங்கும் டிரைவர்கள் உண்டு. ஒரே தடத்தில், ஒரே மாதிரி பேருந்தில், ஒருவர் நன்றாக எடுக்கிறார், இன்னொருவர் எடுப்பதில்லை. அந்தப் பேருந்துகளில் குரூஸ் கண்ட்ரோல் கிடையாது. நன்றாக எடுப்பவர் நிறுத்தம் எங்கே வரும் என்று தெரிந்து முன்னாலேயே காலை எடுப்பவர், தேவையில்லாமல் விரட்டாதவர், கியரைக் காலத்தில் மாற்றுபவர். வேறு ரகசியம் இல்லை.

நம்பாதவர்கள் தாங்களே சோதிக்கலாம். ஒரே தடத்தில், ஒரே திசையில் மூன்று தடவை போங்கள். ஆட்கள், ஏ.சி., டயர் காற்று எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு தடவை நூறில் குரூஸ், ஒரு தடவை காலாலேயே 85, இன்னொரு தடவை குரூஸில் 85. ஒவ்வொரு தடவையும் அதே பங்க்கில் டேங்க் ஃபுல் போட்டு, லிட்டரையும் கிலோமீட்டரையும் காகிதத்தில் எழுதி வகுத்துப் பாருங்கள். டாஷ்போர்டில் வரும் சராசரியை நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அது கொஞ்சம் கூட்டியே காட்டும்.